ஒட்டாத பிளாத்திக்கை இணைத்தல்
நீரிறைக்கும் குழாய், தெளிகருவி ஆகியவற்றைப் பயன்படுத்தும் கமக்காரருக்கான குறிப்பு

நீரிறைக்கும் இயந்திரமின்றி மரக்கறிச் செய்கை நடைபெறும் தோட்டம் இந்நாளில் அரிது. துலாவும் பட்டையும் நின்ற இடத்தில் இயந்திரமும் குழாயும் வந்து அமர்ந்துள்ளன. துலாக்கயிறு அறுந்தால் அதனை முடிந்துகொள்ளக் கமக்காரர் அனைவரும் அறிவர். ஆனால் பிளாத்திக்குக் குழாய் கசியுமிடத்து, எந்தப் பிளாத்திக்கை எதனுடன் எவ்வாறு இணைத்தல் வேண்டும் என்பதைச் செம்மையாக அறிந்தோர் சிலரே. நெற்பயிர் குடலைப் பருவத்தில் நிற்கும்போதும், மிளகாய் பூக்கத் தொடங்கும்போதும் நீர் தடைப்படுமாயின் விளைச்சல் குன்றும். அக்குறையைப் பின்னர் பசளையிட்டு ஈடுசெய்தல் இயலாது. ஒரு முழ நீளமான நாடாவைச் சரிவரச் சுற்றாமையால் இத்தகைய இழப்பு நேர்வதுண்டு.

வடபகுதியிலிருந்து அலுவல் நிமித்தம் கொழும்புக்கு வரும் கமக்காரர், கொட்டாஞ்சேனையை அடுத்துள்ள பழைய சோனகத் தெருவில் இரும்புச் சாமான்களை வாங்கிக்கொண்டு, இரவில் வெள்ளவத்தையிலே பேருந்து ஏறி ஊர் திரும்புதல் வழக்கம். பஞ்சிகாவத்தையில் விற்கப்படும் பழைய இயந்திர உறுப்புகளும் சிலவேளை அவர்தம் பையில் இடம்பெறும். வாங்கிய பொருள்களுள் பீ.வீ.சீ. குழாயும் இருக்கும், பொலித்தீன் குழாயும் இருக்கும், மெழுகு போன்று வழுவழுப்பான வெண்ணிறத் தகடோ வளையமோ ஒன்றும் இருக்கும். பார்வைக்கு யாவும் பிளாத்திக்கே. வீட்டுக்கு வந்ததும் எல்லாவற்றிற்கும் ஒரே பசையைப் பூசிப் பார்ப்பதும், அது பற்றாவிடின் நெருப்பிலே வாட்டிப் பார்ப்பதும் நிகழ்கின்றன. இவற்றுள் பின்னையது ஆபத்தானது. அதனை விளக்குவதற்காகவே இக்குறிப்பு எழுதப்பட்டது.

கொழும்பு நகரத்தாருக்கும் இச்செய்தி புறம்பானதன்று. 2022 ஆம் ஆண்டு உணவுத் தட்டுப்பாடு ஏற்பட்டபோது, அரசாங்க ஊழியர் வீட்டுத்தோட்டம் செய்யும்பொருட்டு வெள்ளிக்கிழமைகளில் விடுமுறை பெறுவதற்கு அவ்வாண்டு யூன் மாதத்தில் அமைச்சரவை அனுமதி வழங்கியது. தொடர்மாடி வீட்டின் மொட்டைமாடியில் பைகளிலே கத்தரியும் மிளகாயும் நட்டு, நீர்த்தாங்கியிலிருந்து சிறு குழாய் இழுப்போருக்கும் இதே சிக்கல் எதிர்ப்படும்.

இனம் அறிந்து இணைத்தல்

மாவுக்கு மா ஒட்டும். பலாவுக்கு மா ஒட்டாது. ஒட்டுக்கட்டையும் ஒட்டுக்கிளையும் உறவினமாக இருந்தாலன்றி வெட்டுவாய் கூடி வளராது என்பதைக் கமக்காரருக்கு எவரும் சொல்லித்தர வேண்டுவதில்லை. பிளாத்திக்குகளிலும் ஏறத்தாழ இவ்விதியே செல்லும். உருக்கி இணைக்கும்போது ஒன்றின் நீண்ட மூலக்கூறுகள் மற்றொன்றினுட் புகுந்து பின்னிக்கொள்ளல் வேண்டும். இனம் வேறுபட்டால் அவை பின்னிக்கொள்வதில்லை. வெளிப்பார்வைக்கு ஒட்டியது போல் தோன்றினும், அமுக்கம் ஏறியதும் பிரிந்துவிடும்.

பீ.வீ.சீ. கரைப்பானுக்கு இணங்கும் இனம். கடையில் "கம்" என்று கேட்டு வாங்கப்படும் பசை உண்மையில் வெறும் பசையன்று. அது குழாயின் மேற்பரப்பைச் சிறிது கரைத்து இளக்குகின்றது. இளகிய இரு பரப்புகளும் ஒன்றோடொன்று கலந்து, கரைப்பான் ஆவியான பின் ஒரே உடலாக இறுகுகின்றன. ஆதலின் இதனைச் சூடின்றிப் பற்றவைத்தல் எனலாம். குழாயை நேராக அறுத்து, பிசிறு நீக்கி, சேறும் எண்ணெயும் இல்லாது துடைத்து, இருபுறமும் மெல்லிதாகப் பூசி, கால் சுற்றுத் திருப்பிச் செருகி, அரை நிமிடம் அசையாது பிடித்தல் வேண்டும். ஒருநாள் கழித்தே முழு அமுக்கத்தில் நீர் விடுதல் நன்று. அவசரத்தில் ஒட்டிய அன்றே இயந்திரத்தை முடுக்கி, இணைப்புப் பிய்ந்த பின்னர் பசையைக் குறைகூறுவோர் பலர்.

பொலித்தீன் எப்பசைக்கும் எளிதில் இணங்காது. ஆனால் சூட்டுக்கு இணங்கும். நீர் வழங்கற் பணிகளில் பெரிய பொலித்தீன் குழாய்களின் முனைகளைச் சூடேற்றிய தட்டில் வைத்து உருக்கி, தட்டை எடுத்தவுடன் ஒன்றோடொன்று அழுத்தி இணைப்பர். தோட்டத்தில் அவ்வளவு உபகரணம் இல்லை. ஆதலால் இறுக்கிப் பிடிக்கும் மரை இணைப்பிகளே போதுமானவை.

மூன்றாவது இனம் புளோரீன் பிளாத்திக்கு. அதனுள் தலையாயது பீ.ரீ.எவ்.ஈ.; மக்கள் வழக்கில் தெப்லோன். அது கரைப்பானுக்கும் இணங்காது. சாதாரணச் சூட்டுக்கும் இணங்காது.

ஒட்டாமையின் காரணம்

1938 ஆம் ஆண்டு ஏப்ரில் 6 ஆந் திகதி, அமெரிக்காவின் நியூ யேர்சி மாநிலத்தில் டூபொன் கம்பனியின் ஆய்வுகூடத்தில் றோய் பிளங்கெற் என்பார் குளிரூட்டிகளுக்கான வாயுக்களை ஆராய்ந்து கொண்டிருந்தார். வாயு நிரப்பிய உருளை ஒன்றைத் திறந்தபோது வாயு வரவில்லை. உருளையின் நிறையோ குறையவில்லை. அறுத்துப் பார்த்தபோது உள்ளே வழுவழுப்பான வெண்டூள் இருந்தது. வாயு மூலக்கூறுகள் தாமாகவே கோத்துக்கொண்டு பல்பகுதியமாக மாறியிருந்தன.

இப்பல்பகுதியத்தில் காபன் அணுக்களாலான நீண்ட முதுகெலும்பைப் புளோரீன் அணுக்கள் நெருக்கமாக மூடியுள்ளன. காபனும் புளோரீனும் கொண்ட பிணைப்பு மிக வலியது. புளோரீன் போர்வையோ வெளியிலிருந்து வரும் எதனையும் பற்ற விடாது. சேம்பிலையில் நீர் உருண்டோடுவது போல இதன்மேற் பசை உருண்டோடும். அமிலமும் பூச்சிநாசினியும் எரிபொருளும் இதனைத் தாக்காதிருப்பதற்கும், பசை பிடிக்காதிருப்பதற்கும் காரணம் ஒன்றே. நற்குணத்தை வைத்துக்கொண்டு தீக்குணத்தை மட்டும் நீக்குதல் இயலாது.

அவ்வாறாயின் ஒட்டாத தோசைச் சட்டியில் அந்தப் பூச்சு எவ்வாறு ஒட்டிற்று என்று ஒருவர் வினவலாம். நியாயமான வினாவே. உலோகத்தின் மேற்பரப்பை முதலிற் சொரசொரப்பாக்கி, அதன் நுண்ணிய குழிகளுக்குள் பூச்சுப் புகுந்து பிடித்துக்கொள்ளுமாறு சூளையிற் சுடுகின்றனர். வேர் கல்லிடுக்கிற் புகுந்து பிடிப்பதற்கு இதனை ஒப்பிடலாம். பிரான்சு நாட்டவரான மார்க் கிரெகுவார் 1954 ஆம் ஆண்டில் அலுமினியத்தின்மேல் இவ்வாறு பூசும் முறையைக் கண்டார். அங்கே நடைபெறுவது ஒட்டுதல் அன்று, கௌவிப் பிடித்தல். தோட்டத்தில் இப்பிளாத்திக்கைக் கையாளும் முறையும் அதுவேயாகும்.

நெருப்பின்றி இனங்காணல்

குழாய் வேலை செய்வோர் சிலர் பிளாத்திக்கின் ஒரு துண்டைக் கொளுத்தி, சுடரின் நிறத்தையும் மணத்தையும் கொண்டு இனம் சொல்வர். பீ.வீ.சீ.யை எரித்தால் ஐதரசன் குளோரைட்டு வெளிவரும். புளோரீன் பிளாத்திக்கை எரித்தால் அதனினும் கொடிய வாயுக்கள் வெளிவரும். மூக்கைப் பரிசோதனைக் கருவியாகப் பயன்படுத்தும் இவ்வழக்கம் கைவிடப்படல் வேண்டும்.

விதைநெல்லை உப்புநீரிலிட்டுப் பதர் நீக்கும் முறையைக் கமக்காரர் அறிவர். இங்கேயும் அதனையே செய்யலாம், உப்பும் வேண்டியதில்லை. நகமளவு துண்டொன்றை வெட்டி நல்ல நீரில் அமிழ்த்தி, ஒட்டியுள்ள காற்றுக் குமிழிகளை விரலால் துடைத்துவிடுதல் வேண்டும். மேலெழுந்து மிதந்தால் அது பொலித்தீன் அல்லது பொலிப்புரொப்பிலீன். அமிழ்ந்தால் பீ.வீ.சீ.யாகவோ, வேறொரு பாரமான பிளாத்திக்காகவோ இருக்கலாம். பீ.வீ.சீ. நீரைப்போல் ஏறத்தாழ 1.4 மடங்கு பாரமுடையது. தெப்லோன் ஏறத்தாழ 2.2 மடங்கு. ஒரே அளவான இரு துண்டுகளைக் கையில் ஏந்தினாலே வேறுபாடு புலப்படும். தெப்லோன் மெழுகுபோல் வழுக்கும். கத்தி முனைக்கு எளிதில் இடங்கொடுக்கும்.

ஐயம் நீங்காவிடின் ஒரு சொட்டுப் பீ.வீ.சீ. பசையை அதன்மேல் இட்டு உலரவிடுதல் வேண்டும். பீ.வீ.சீ.யாயின் அவ்விடம் இளகிப் பசையோடு ஒன்றாகிவிடும். தெப்லோனாயின் உலர்ந்த பசை வெங்காயச் சருகு போல உரிந்துவரும்.

ஆலைகளில் இணைக்கும் விதம்

புளோரீன் பிளாத்திக்குகள் யாவும் ஒரே தன்மையன அல்ல. பீ.வீ.டீ.எவ். என்பது ஏறத்தாழ 170 பாகை செல்சியசிலும், எவ்.ஈ.பீ. 260 பாகையளவிலும், பீ.எவ்.ஏ. 305 பாகையளவிலும் உருகும். உருகியபின் தேன்போல் அல்லாவிடினும் களிபோலாவது ஓடும். ஆதலால் அவற்றைப் பற்றவைக்கலாம். இரு விளிம்புகளையும் சாய்வாகச் சீவி, சுரண்டித் துப்புரவாக்கி, இடையில் உண்டாகும் பள்ளத்தில் அதே இனத்தாலான கம்பியை வைத்து, சூடான தூய காற்றையோ நைதரசனையோ சீராக ஊதி, கம்பியையும் விளிம்பையும் ஒருங்கே இளக்கி அழுத்திச் செல்வர். சூடு குறைந்தால் கம்பி மேலே கிடக்குமேயன்றிச் சேராது. மிகுந்தால் பிளாத்திக்கே சிதையும். இரசாயன ஆலைகளில் அமிலம் செல்லும் குழாய்களும் தாங்கிகளும் இவ்வாறு ஆக்கப்படுகின்றன. புகை உறிஞ்சும் விசிறியும் பயிற்சி பெற்ற கையும் இன்றி அங்கே எவரும் இத்தொழிலைத் தொடுவதில்லை.

ஈ.ரீ.எவ்.ஈ. என்னும் இன்னோர் இனத்திலிருந்து தெளிவான மென்படலம் செய்யப்படுகின்றது. இங்கிலாந்தின் கோண்வால் பகுதியில் 2001 ஆம் ஆண்டு திறக்கப்பட்ட ஈடன் தோட்டத்தின் மாபெரும் பசுமைமனைகள் கண்ணாடியால் ஆனவையல்ல. இப்படலத்தின் விளிம்புகளைச் சூட்டினால் ஒட்டிக் காற்றடைத்த தலையணைகளால் மூடப்பட்டவை. நுவரெலியாப் பகுதியில் தோட்டக்காரர் அமைக்கும் பசுமைமனைகளோ பொலித்தீன் படலத்தால் ஆனவை. அவை கிழிந்தால், வெயிலைத் தாங்கும் பொலித்தீன் ஒட்டுநாடா போதும்.

எஞ்சியிருப்பது தெப்லோன். அது 327 பாகையில் உருகும் என்று நூல்கள் கூறும். ஆனால் உருகியபின்னும் அது ஓடாது. நிறம் தெளிந்த கூழ்க்கட்டியாக நின்ற இடத்திலேயே நிற்கும். ஓடாத பொருளிற் பின்னிக்கொள்ளுதல் எங்ஙனம் நிகழும்? எனவே ஆலைகளில் இரு தெப்லோன் தகடுகளுக்கிடையே பீ.எவ்.ஏ. படலம் ஒன்றை வைத்து, 350 பாகைக்கு மேற்பட்ட சூட்டிலே அழுத்தி இணைக்கின்றனர். இடையிலுள்ள படலம் உருகி இருபுறமும் பற்றிக்கொள்ளும். மற்றொரு வழி, சோடியம் சேர்ந்த கரைசலால் மேற்பரப்பிலுள்ள புளோரீனை நீக்குதல். அவ்வாறு அரித்த பரப்பு கபில நிறமாகும். அதன்மேல் எப்பொட்சிப் பசை பற்றும். வெயில் பட்டால் அப்பற்றும் நாளடைவிற் குன்றும். சோடியம் நீர்பட்டால் தீப்பற்றும் இயல்பினது. ஆதலின் இவ்விரு முறைகளும் தோட்டக் கொட்டிலுக்கு உரியன அல்ல. ஒருபுறம் ஆலையிலேயே அரிக்கப்பட்ட தகடுகள் விற்பனைக்கு உண்டு. ஒட்டித்தான் ஆகவேண்டும் என்ற நிலையில் கபிலப் பக்கமுள்ள அத்தகட்டைக் கேட்டு வாங்குதல் முறை.

திரெட் சீல் நாடா

கமக்காரர் கைக்கு நாள்தோறும் வரும் தெப்லோன், திரெட் சீல் என்று கேட்டு வாங்கப்படும் மெல்லிய வெண்ணாடாவே. சிறு சக்கரத்திற் சுற்றி விற்கப்படும் இதனை ஒட்டுநாடா எனப் பலர் கருதுகின்றனர். இதில் ஒட்டும் பொருள் அணுவளவும் இல்லை. மரையின் பள்ளங்களை நிரப்பி நீரையும் காற்றையும் தடுத்தலும், மரை இலகுவாகச் சுழல வழுக்குக் கொடுத்தலும் இதன் இரு தொழில்கள். இணைப்பைப் பிடித்து நிறுத்துவது மரையேயன்றி நாடாவன்று.

சுற்றும் திசையே முதன்மையானது. ஆண்மரையின் வாய் தன்னை நோக்கியிருக்கப் பிடித்து, கடிகார முள் செல்லும் திசையிற் சுற்றுதல் வேண்டும். எதிர்த்திசையிற் சுற்றினால், மரையை இறுக்கும்போது நாடா குவிந்து வெளியே தள்ளப்படும். பழைய நாடாவை முற்றாகச் சுரண்டி எடுத்து, மரையைத் துடைத்து, முனையிலுள்ள முதல் மரையை வெறுமையாக விட்டு, அதற்கு அடுத்த மரையிலிருந்து தொடங்கல் வேண்டும். முதல் மரையையும் மூடிச் சுற்றினால் நாடாவின் நுனி குழாயினுள் தொங்கி, பின்னர் அறுந்து சென்று சொட்டு நீர்ப்பாசனத் துளையை அடைக்கும். ஒவ்வொரு சுற்றும் முந்தியதன் பாதியை மூடுமாறு, நாடா மரைப்பள்ளத்திற் படியும் அளவுக்கு இழுத்துப் பிடித்துச் சுற்றுக. இரும்பு மரைக்கு மூன்று முதல் ஐந்து அடுக்கும், பிளாத்திக்கு மரைக்கு இரண்டு அல்லது மூன்று அடுக்கும் போதும்.

பிளாத்திக்கு மரையில் நாடா மிகுவது, குறைவதினும் கேடானது. வழுக்கினால் ஸ்பனர் இலகுவாகச் சுழல்கின்றது. இறுக்குபவர் தாம் எவ்வளவு இறுக்குகின்றோம் என்பதை உணர்வதில்லை. உள்ளே சென்ற தடித்த நாடா ஆப்புப்போல் நின்று பெண்மரையை விரிக்கின்றது. அன்று வெடிக்காவிடினும், நண்பகல் வெயிலில் ஒருநாள் போசெட்டுச் சொக்கெட்டு நெடுக்காகப் பிளந்துவிடும். கையால் இறுக்கியபின் ஸ்பனராற் கூடியது ஒன்றரைச் சுற்றுக்கு மேல் வேண்டியதில்லை. இரும்பும் பிளாத்திக்கும் சேருமிடத்து, இரும்பின் பெண்மரைக்குள் பிளாத்திக்கு வால்வுச் சொக்கெட்டின் ஆண்மரையைச் செலுத்துதலே நன்று. பிளாத்திக்கின் உள்ளே இரும்பைத் திருகினால் பிளாத்திக்கு விரிந்து பிளக்கும். இரும்பின் உள்ளே பிளாத்திக்கு அமுங்கி நிற்கும்.

இறுக்கியபின் திசை சரியில்லை என்று சிறிது பின்னோக்கித் திருப்புதல் ஆகாது. திருப்பினால் படிந்த நாடா குலையும். கழற்றிப் புதிதாகச் சுற்றுதலே வழி. நாடாவின்மேற் பீ.வீ.சீ. பசையைப் பூசுவதும் வீண் வேலை. பசை நாடாவிற் பற்றாது. பிளாத்திக்கு மரையை மட்டும் கரைத்துக் கெடுக்கும். இரப்பர் வளையம் உள்ள யூனியனுக்கு நாடா தேவையில்லை.

உறிஞ்சற் பக்கத்திற் கசிவு

இயந்திரத்திலிருந்து நீர் வெளியேறும் பக்கத்திற் கசிவு இருந்தால் நீர் சொட்டும், கண்ணாற் காணலாம். கிணற்றிலிருந்து இயந்திரத்துக்கு வரும் பக்கத்திலோ கசிவு ஒன்றையும் வெளிக்காட்டாது. அங்கே குழாயினுள் அமுக்கம் வெளிக்காற்றின் அமுக்கத்தினும் குறைவு. ஆகவே நீர் வெளியே வராது. காற்று உள்ளே புகும். ஊசிமுனையளவு வழி போதும். இயந்திரம் ஓடும்; ஓசை மாறும்; நீர் மெலிந்து நுரையோடு வரும், அல்லது வராதேவிடும். வளிமண்டல அமுக்கம் நீரைக் கணக்கின்படி பத்து மீற்றரளவு உயர்த்த வல்லதாயினும், நடைமுறையில் ஏழு மீற்றருக்கு மேல் உறிஞ்சுதல் அரிது. கிணற்று நீர் கோடையிற் கீழிறங்கும்போது அந்த எல்லையை அணுகுகின்றோம். மாரியிற் குறை தெரியாது ஓடிய இணைப்பு ஆடி மாதத்திற் கைவிடுவது இதனாலேதான். இயந்திரம் பழுதென்று கொழும்புவரை தூக்கிச் சென்று, பழுதில்லை என்று திரும்பக் கொண்டுவந்த கதைகள் ஊர்தோறும் உண்டு.

இதனைக் கண்டறிய இலகுவான வழிகள் உள. இயந்திரம் ஓடும்போது ஒவ்வொரு மரை இணைப்பையும் சுற்றிச் சவர்க்கார நுரையை அப்பிப் பார்த்தால், குறையுள்ள இடத்தில் நுரை உள்ளிழுக்கப்படும். நுரை கிடையாதபோது ஈரக்களிமண்ணை அப்பலாம். எந்த இணைப்பில் அப்பியவுடன் நீர் தெளிந்து வருகின்றதோ அதுவே குற்றவாளி. ஒன்றும் புலப்படாவிடின் இயந்திரத்தை நிறுத்தி, உறிஞ்சற் குழாயை வாய்வரை நீரால் நிரப்பிக் கால் மணி நேரம் காத்திருத்தல் வேண்டும். மட்டம் இறங்கினால் மரை இணைப்பு கசிகின்றது, அல்லது அடியிலுள்ள புட் வால்வு மூடவில்லை. புட் வால்வில் இலையோ கல்லோ சிக்கியிருத்தல் பெரும்பாலும் காரணமாகும்.

நீரின்றி இயந்திரம் நெடுநேரம் ஓடினால் உள்ளே எஞ்சிய நீர் சூடேறும். பீ.வீ.சீ. ஏறத்தாழ 80 பாகையில் இளகத் தொடங்கும். இயந்திர வாயிலிலுள்ள வால்வுச் சொக்கெட்டின் மரை அவ்வாறு ஒருமுறை இளகி உருமாறிவிட்டால், எத்தனை சுற்று நாடாவும் அதனைக் காப்பாற்றாது. நாடாவோ 260 பாகை வரை தாங்கும். குற்றம் நாடாவில் இல்லை. உறுப்பை மாற்றுதல் வேண்டும்.

புகையும் காய்ச்சலும்

துருப்பிடித்த இணைப்புக் கழலாதபோது புளோ லாம்பினாற் சூடேற்றுதல் வழக்கம். பீ.வீ.சீ. குழாயின் வாயைச் சிரட்டைக் கரி நெருப்பில் வாட்டி விரித்துச் சொக்கெட்டாக்குவதும் வழக்கம். தோட்டத்துக் குப்பையோடு பழைய நாடாவையும் வளையங்களையும் கூட்டிக் கொளுத்துவோரும் உளர். இம்மூன்றிலும் தெப்லோன் நெருப்பைச் சந்திக்கின்றது. 260 பாகைக்கு மேல் நெடுநேரம் சூடேறினால் அதிலிருந்து கண்ணுக்குப் புலப்படாத நுண்புகை எழத் தொடங்கும். 400 பாகையைக் கடந்தால் சிதைவு விரைந்து, ஐதரசன் புளோரைட்டும் நுரையீரலைத் தாக்கும் பிற வாயுக்களும் வெளிவரும். சுடரின் சூடோ ஆயிரம் பாகையைத் தாண்டும்.

இப்புகையைச் சுவாசித்தவருக்குச் சில மணி நேரம் கழித்துத் தொண்டை வறண்டு, மார்பு இறுகி, இருமலும் குளிரும் காய்ச்சலும் தோன்றும். பல்பகுதியப் புகைக் காய்ச்சல் என 1951 ஆம் ஆண்டில் மருத்துவ ஏடொன்றில் இது விவரிக்கப்பட்டது. பெரும்பாலும் ஓரிரு நாளில் தணிந்துவிடும். புகை மிகுந்திருந்தால் நுரையீரலில் நீர் கோத்து உயிருக்கே இடர் விளையும். நாடாவின் துகள் விரலில் ஒட்டியிருக்கச் சுருட்டையோ சிகரெற்றையோ பிடித்தாலும் போதும். எரியும் நுனியின் சூட்டில் அத்துகள் சிதைந்து நேரே நெஞ்சுக்குட் செல்லும். ஆலைத் தொழிலாளரிடையே இக்காய்ச்சல் பரவியபோது, புகைபிடித்தவர்களே அதிகம் பாதிக்கப்பட்டமை பலவிடங்களிற் காணப்பட்டது. நாடாவைச் சுற்றியபின் சவர்க்காரமிட்டுக் கைகழுவிய பின்னரே சுருட்டைத் தொடுதல் வேண்டும்.

பறவைகள் இப்புகைக்கு மனிதரினும் எளிதில் இரையாகின்றன. அடுப்பில் மறந்துவிடப்பட்ட ஒட்டாச் சட்டி சூடேறி, அதே வீட்டிலுள்ள கூண்டுக் கிளி இறந்த நிகழ்ச்சிகள் பல. அமெரிக்காவிலே கோழிக்குஞ்சு மனையிற் சூட்டுக்காக ஏற்றிய மின்குமிழ்களின் தெப்லோன் பூச்சினாற் குஞ்சுகள் இறந்ததும் ஆராய்ந்து எழுதப்பட்டுள்ளது. கோழி வளர்க்கும் கமக்காரர் குமிழ் வாங்கும்போது இதனை விசாரித்தல் வேண்டும்.

நெல் வயலில் இறங்குவோருக்குக் காய்ச்சல் வந்தால் எலிக்காய்ச்சலோ, டெங்கோ என்ற ஐயம் எழுதல் இயல்பு. அந்த ஐயத்தை விட்டுவிடல் ஆகாது. முந்திய நாள் குழாயைச் சுட்டதால் வந்த காய்ச்சல் என்று தாமே முடிவுசெய்து வீட்டில் இருந்துவிட்டால், எலிக்காய்ச்சல் சிறுநீரகத்தைத் தாக்கும்வரை தெரியாமற் போகலாம். அதேவேளை, புகையைச் சுவாசித்த செய்தியை மறைத்துவிட்டால் வைத்தியர் நுரையீரலைக் கவனிக்கத் தாமதிக்கலாம். ஆகையால் வயலில் நின்றதையும், பிளாத்திக்கைச் சுட்டதையும், எத்தனை மணிக்கு என்பதையும் சேர்த்து வைத்தியருக்குச் சொல்லுதல் வேண்டும். மூச்சுத் திணறல் கண்டால் காய்ச்சல் தணியும்வரை காத்திராது, உடனே 1990 என்னும் இலக்கத்துக்கு அழைத்து அம்புலன்சு வண்டியில் மருத்துவமனைக்குச் செல்லல் வேண்டும்.

துருப்பிடித்த இணைப்பைக் கழற்ற நெருப்புக்குப் பதிலாக மண்ணெண்ணெயை ஊற்றி ஓரிரவு ஊறவிட்டு, மறுநாட் காலை மெல்லத் தட்டித் திருகலாம். அதற்கும் இணங்காவிடின் அறுத்தெடுத்துப் புதிது போடுதல் மலிவு. கழற்றிய நாடாவையும் வளையங்களையும் தனிப் பையிற் சேர்த்து, எரிக்கப்படாத குப்பையோடு கொடுத்துவிடுக.

தெளிகருவியின் வளையங்கள்

முதுகிற் சுமக்கும் தெளிகருவியின் வால்வுகளிலும் அடைப்புகளிலும் சிலவற்றைத் தெப்லோனாற் செய்கின்றனர். பீடைநாசினி இரப்பரை ஊதச் செய்யும். தெப்லோனை ஒன்றும் செய்யாது. இவ்வளையம் கிழிந்தால் ஒட்ட முயலுதல் வீண். கிழிந்த இடத்தில் எப்பசையும் நில்லாது. கைப்பிடியை அடிக்கும்போது நாசினி முதுகில் வழியும். தோலினூடாக நஞ்சு ஏறும் வழிகளுள் இது முதன்மையானது. பழைய வளையத்தைத் தகட்டின்மேல் வைத்து வரைந்து, கூரிய கத்தியாற் புதிய வளையம் வெட்டிக்கொள்ளலாம். தெப்லோன் அமுக்கத்தின் கீழ் நாளடைவில் மெல்ல நெகிழ்ந்து பரவும் இயல்பினது. ஆதலின் புதிய வளையம் இட்டு மூடியை இறுக்கி, மறுநாள் மீண்டும் சிறிது இறுக்குதல் வேண்டும். அதன்பின் தூய நீரை நிரப்பிக் காற்றடித்து, மூடியிலும் கைப்பிடியின் அடியிலும் ஈரம் தென்படாதவிடத்தே நாசினியை ஊற்றுதல் வேண்டும். இரசாயன ஆலையிலிருந்து கழித்துவிடப்பட்ட பழைய தகட்டாயின், அதில் முன்பு என்ன பட்டிருந்தது என்பது வாங்குவோருக்குத் தெரியாது. அதிலிருந்து வெட்டிய வளையத்தைக் குடிநீர்க் குழாயிற் பயன்படுத்தலாகாது.